உழைக்கிற உடம்புக்கு நோய் வராதா?

1949இல் லண்டன் மாநகரின் சிவப்பு மாடிப் பேருந்து ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஓட்டுநர் முன்னால் உட்கார்ந்தபடியே வண்டியை ஓட்டினார். நடத்துநர் பயணச்சீட்டு கொடுப்பதற்காக மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஒரு வேலைநாளில் 500 முதல் 750 படிகள் வரை. இருவரும் ஏறத்தாழ ஒரே வகுப்பிலிருந்து வந்தவர்கள். ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கி, ஒரே தெருக்களின் புகையைச் சுவாசித்தவர்கள். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் போக்குவரத்து ஊழியர்களில் 35 முதல் 64 வயது வரையான சுமார் 31,000 ஆண்களின் நோய்க் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். இதயத் தமனி நோய், ஓட்டுநர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 2.7 பேரையும் நடத்துநர்களில் 1.9 பேரையும் தாக்கியிருந்தது. நடத்துநர்களுக்கு அது வந்தாலும் பிந்தி வந்தது, உடனே உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது.

1953இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன. உட்கார்ந்திருப்பதற்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை எண்களோடு எடுத்துக்காட்டிய முதல் பெரிய ஆய்வு இதுவே. அஞ்சல் துறையிலும் அவர்கள் அதையே கண்டார்கள். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்தவர்களின் இதயம், நாற்காலியில் உட்கார்ந்திருந்த எழுத்தர்களின் இதயத்தைவிட நன்றாக இருந்தது. இன்று ஊர்தோறும் மருத்துவர்கள் “தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க” என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் இங்கேதான் தொடங்குகிறது.

மாரிஸ் தன் முடிவைத் தானே சந்தேகிக்கத் தெரிந்தவர். பேருந்து நிறுவனம் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்த பதிவேடுகளை வாங்கி, கால்சட்டையின் இடுப்பளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லா வயதிலும் ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது. வேலையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடமும் அந்த வேறுபாடு தெரிந்தது. அப்படியென்றால் பருத்த உடம்புக்காரர்கள்தாம் ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்களோ? படி ஏறியதால் இதயம் நன்றாக இருந்ததா, நல்ல இதயம் இருந்தவர்கள்தாம் படி ஏறும் வேலைக்கு வந்தார்களா? 1956இல் இந்தக் கேள்வியையும் அவரே அச்சில் எழுப்பினார். ஓர் ஆய்வாளரின் நேர்மைக்கு அந்த இடுப்பளவுக் கட்டுரையைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

இந்த வரலாற்றில் ஒரு முரண் இருக்கிறது. உடற்பயிற்சி நல்லது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று, உடற்பயிற்சியே செய்யாத ஒருவரிடமிருந்து வந்தது. அந்த நடத்துநர் பிழைப்புக்காகப் படி ஏறினார். அவர் செய்தது உடலுழைப்பு. அவருடைய உழைப்பிலிருந்து எடுத்த பாடம் பூங்காவுக்கும் ஜிம்முக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவரைப் போல உடம்பால் உழைப்பவர்கள்தாம் இன்று உலகின் பல நாடுகளில் இதய நோயாலும் சர்க்கரை நோயாலும் முந்திச் சாகிறார்கள். நாள் முழுக்க அசைகிற உடம்பு எப்படி நோயில் விழுகிறது?

இரண்டு மாரிஸ்கள்

மாரிஸின் வாழ்க்கையே இதற்குப் பாதி விடை சொல்கிறது. 1910இல் லிவர்பூலில், போலந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது கிளாஸ்கோவின் வறுமைக்கு நடுவே. போர்க்காலத்தில் ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்தார். 2009இல், 99 வயதில் இறந்தார். அவருடைய கடைசி நாட்களில் ஒரு பிரிட்டன் நாளேடு அவரை ‘உடற்பயிற்சியைக் கண்டுபிடித்தவர்’ என்று கொண்டாடியது. உலகம் நினைவில் வைத்திருப்பது இந்த மாரிஸை.

இன்னொரு மாரிஸ், சமத்துவமின்மை பற்றிய கருப்பு அறிக்கையை எழுதிய நால்வரில் ஒருவர். குழுவின் தலைவர் பெயர் டக்ளஸ் பிளாக் என்பதால் அந்தப் பெயர் வந்தது. 1977இல் தொழிற்கட்சி அரசு கேட்டுக்கொண்ட அறிக்கை, மார்கரெட் தாட்சரின் அரசு வந்த பிறகு 1980இல்தான் வெளிவந்தது. தேசிய மருத்துவச் சேவை தொடங்கி முப்பது ஆண்டுகள் கழிந்தும், உயர்தொழில் செய்பவரைவிடக் கூலித் தொழிலாளி ஓய்வு வயதுக்கு முன்பே இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்ததாக அது சொன்னது. இலவச மருத்துவமனை மட்டும் போதாது, வருமானமும் வீடும் வேலைச் சூழலும் மாற வேண்டும் என்றது. அரசுக்கு அது பிடிக்கவில்லை. ஆகஸ்ட் மாத நீண்ட விடுமுறையின்போது, தட்டச்சுப் படிகளாக வெறும் 260 பிரதிகளை மட்டும் வெளியிட்டது. செலவைச் சொல்லிப் பரிந்துரைகளைத் தட்டிக்கழித்தது.

மாரிஸ் விடவில்லை. தொண்ணூறை எட்டும் வயதில் வேறொரு கணக்கைப் போட்டார். ஓர் இளைஞன் நலமாக வாழ மருத்துவ அறிவியல் என்னென்ன சொல்கிறதோ அதையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டார். காய்கறி, பழம், மீன், குளிர் தாங்கும் வீடு, நண்பர்களைப் பார்க்கப் போகும் பேருந்துக் கட்டணம் எல்லாம் அதில் இருந்தன. உடற்பயிற்சிக்கு ஆகும் செலவும் தனியே இருந்தது. 18 முதல் 30 வயது வரையான, நோயில்லாத, தனியாக வாழும் ஓர் ஆணுக்கு 1999ஆம் ஆண்டு விலையில் வாரம் 131.86 பவுண்டு வேண்டும் என்று வந்தது. அதே ஆண்டில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலியில் முழுநேரம் வேலை பார்த்தாலும், பிடித்தம் போகக் கைக்கு வரும் பணம் அந்த அளவை எட்டவில்லை. ‘நன்றாகச் சாப்பிடு, உடற்பயிற்சி செய்’ என்று அரசு அறிவுரை சொன்னது. அதைக் கடைப்பிடிக்கத் தேவையான கூலியை அதே அரசின் சட்டம் உறுதிப்படுத்தவில்லை.

இரண்டும் ஒரே மனிதரின் வேலை. உலகம் முதல் பாதியை எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதி நூலகத்தில் கிடக்கிறது.

அரசு அலுவலகத்தின் படிக்கட்டு

உழைப்பின் பலன் ஏன் மாறியது என்பதற்கு அடுத்த தடயம் லண்டனின் ஒயிட்ஹால் அரசு அலுவலகங்களில் கிடைத்தது. 1967இல் டொனால்ட் ரீடும் ஜெஃப்ரி ரோஸும் தொடங்கிய ஆய்வில் 17,500க்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்கள் சேர்க்கப்பட்டார்கள். 1978இல் மைக்கேல் மார்மட் அதன் முடிவுகளை வெளியிட்டார். இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஓய்வூதியம், இலவச மருத்துவம். இருந்தும், பதவி ஒவ்வொரு படி இறங்கும்போதும் சாவு ஒரு படி ஏறியது. உச்சியிலிருந்த நிர்வாக அதிகாரிகளோடு ஒப்பிட்டால், கடைநிலையில் இருந்த தகவல் கொண்டுசெல்லும் ஊழியர், வாயிற்காவலர் போன்றோர் இதய நோயால் இறந்தது 3.6 மடங்கு. புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை.

நம் ஊரில் இந்தக் கடைநிலை ஊழியரைப் பியூன் என்போம், டவாலி என்போம். கோப்புகளை எடுத்துக்கொண்டு அறைக்கு அறை, மாடிக்கு மாடி போகிறவர் அவர்தான். பேருந்து நடத்துநரின் படிக்கட்டுப் பலன் இவருக்குக் கிடைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 1968 முதல் மாரிஸும் இதே அரசுப் பணியாளர்களிடம்தான் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது நடுநிலை அதிகாரிகளை, மேசை வேலைக்காரர்களை. வெள்ளியும் சனியும் அலுவலகம் முடிந்தபின் என்ன செய்தீர்கள் என்று எழுதி வாங்கினார். நீச்சல், தோட்டத்தில் மண் கொத்துதல், வேகநடை என்று மூச்சு வாங்க உழைத்தவர்களுக்கு மாரடைப்பு, மற்றவர்களுக்கு வந்ததில் பாதிக்கும் குறைவு. பியூனின் நடையும் அதிகாரியின் தோட்ட வேலையும் உடலசைவுதான். மூச்சு வாங்கும் வேகத்தில் மட்டுமல்ல, எப்போது செய்வது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதிலும் வேறுபாடு. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஒயிட்ஹால் ஆய்வு, 10,308 ஆண்களையும் பெண்களையும் பின்தொடர்ந்து இதை நேரடியாகவே கேட்டது. தன் வேலையின் வேகத்தின்மீது தனக்கு அதிகாரம் இல்லாதவர்களிடம் இதய நோய் அதிகமாக இருந்தது.

கோபன்ஹேகன் சொன்னது

டென்மார்க்கில் ஆந்திரெயாஸ் ஹோல்டர்மன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக இந்த முரணையே துரத்திக்கொண்டிருக்கிறார். 2021இல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில் கோபன்ஹேகன் பகுதியைச் சேர்ந்த 1,04,046 பேர் இருந்தார்கள். சராசரியாகப் பத்தாண்டுகள் பின்தொடரப்பட்டார்கள். ஓய்வு நேரத்தில் நன்றாக உடம்பை அசைத்தவர்களுக்கு, அசைக்காதவர்களைவிட இறக்கும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு குறைவு. வேலையில் மிகக் கடுமையாக உடம்பை வருத்தியவர்களுக்கோ அந்த வாய்ப்பு 27 விழுக்காடு கூடுதல். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அவர்களுக்கு 35 விழுக்காடு கூடுதல். புகை, குடி, கல்வி, வருமானம் ஆகியவற்றைக் கழித்த பிறகு நின்ற எண்கள் இவை. அதற்கு முன்பே, 2018இல், 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் கடும் உடலுழைப்பில் இருந்த ஆண்களுக்கு முந்திய சாவு 18 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் இது அவ்வளவு மர்மமில்லை. உடற்பயிற்சி அரை மணி, முக்கால் மணி நேரம் இதயத்தை வேகமாக ஓட வைக்கிறது. பிறகு பல மணி நேரம் ஓய்வு. அந்த ஓய்வில்தான் உடம்பு தன்னைச் சீர்செய்துகொள்கிறது. நாளடைவில் ஓய்வுநிலைத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்குகின்றன. செங்கல் சுமப்பது அப்படியில்லை. இதயத்தைப் பழக்கும் அளவுக்கு அதில் வேகம் இருக்காது. ஆனால் எட்டு, பத்து மணி நேரம் துடிப்பைத் தணியவிடாமல் வைத்திருக்கும். பாரம் தூக்குவதும், குனிந்தோ நின்றோ ஒரே நிலையில் வேலை செய்வதும் ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். மறுநாள் விடியும்போது நேற்றைய களைப்பு தீர்ந்திருக்காது. எட்டு மணி நேர வேலை, ஒருவருடைய உச்ச உழைப்புத் திறனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது தொழில் உடலியலில் பழைய விதி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ரத்தசோகை உள்ள சித்தாளின் உச்சத் திறனே குறைவு. பக்கத்தில் நிற்பவர் தூக்கும் அதே பத்துச் செங்கல், அவருடைய இதயத்தில் கூடுதல் பாரமாக இறங்குகிறது.

எல்லா ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அதே 2021இல் நார்வேயில் 4,37,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு, கல்வியையும் வாழ்க்கைமுறையையும் நுணுக்கமாகக் கழித்தபின், உடலுழைப்பில் இருந்த ஆண்கள் சற்றுக் கூடுதலாகவே வாழ்ந்தார்கள் என்றது. இந்தியா உட்பட 17 நாடுகளில் 1,30,000 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, வேலையிலும் வீட்டிலும் போக்குவரத்திலும் நேரும் உடலசைவும் சாவைக் குறைப்பதாகவே கண்டது. இவற்றை ஒதுக்கிவிட்டு டென்மார்க்கை மட்டும் பிடித்துக்கொள்வது சரியாகாது. என் கணிப்பு இது: உழைப்பு நஞ்சு இல்லை. நார்வேத் தொழிலாளிக்கு வலுவான சங்கம், வேலைநேர வரம்பு, சம்பளத்தோடு நோய்விடுப்பு எல்லாம் உண்டு. அவருடைய உழைப்பு அவரைக் காக்கலாம். இவை எதுவும் இல்லாத இடத்தில் அதே உழைப்பு உடம்பைத் தேய்க்கும். டென்மார்க்கிலும் சங்கம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டுதான். அதனால்தான் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இரண்டு சென்னைகள்

நோய் வசதி குறைந்தவர்களிடம் நகர்வதற்குச் சென்னையில் நேரடியான சான்று இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் மருத்துவர் வி. மோகனின் குழு இரண்டு குடியிருப்புகளை ஆய்வுக்கு எடுத்தது. ஒன்று திருமங்கலத்தில் உள்ள ஏஷியாட் காலனி, நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் இடம். மற்றொன்று தியாகராய நகரில் உள்ள பாரதி நகர், குறைந்த வருமானக்காரர்களின் இடம். தொடக்கத்தில் சர்க்கரை நோய் ஏஷியாட் காலனியில் 12.4 விழுக்காடு, பாரதி நகரில் 6.5. ‘பணக்கார வியாதி’ என்று ஊரில் சொன்னது அப்போது சரியாகவே இருந்தது.

ஆய்வுக் குழு விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தியது. ஏஷியாட் காலனிக்காரர்கள் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவைக் கட்டிக்கொண்டார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தார்கள். மக்கள் தாமாகச் செய்துகொண்ட மாற்றம் என்பதால் இது மருத்துவ இதழ்களில் பாராட்டுப் பெற்றது. பாராட்டத்தக்கதுதான்.

பத்தாண்டுகள் கழித்து மீண்டும் அளந்தார்கள். ஏஷியாட் காலனியில் சர்க்கரை நோய் 15.4 விழுக்காடு ஆகியிருந்தது. பாரதி நகரில் 15.3. ஒரு பக்கம் கால்பங்கு உயர்வு, மறுபக்கம் இரண்டு மடங்குக்கும் மேல். பூங்கா ஒன்றே இதைச் செய்தது என்று சொல்ல முடியாது. உணவும் வேலையும் மருத்துவ வசதியும் இரண்டு இடங்களிலும் வெவ்வேறு விதமாக மாறியிருக்கும். ஆனால் தங்களுக்கென்று பூங்கா கட்டிக்கொள்ள நிலமும் பணமும் நேரமும் குடியிருப்போர் சங்கமும் யாரிடம் இருந்தன என்பது தெளிவு. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 15 மாநிலங்களின் முடிவுகளை வெளியிட்டபோது, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகியவற்றின் நகர்ப்புறங்களில் வசதி படைத்தவர்களைவிட வசதி குறைந்தவர்களிடமே சர்க்கரை நோய் அதிகம் என்று தெரிந்தது. பிரிட்டனில் இதய நோய் மேலிருந்து கீழே இறங்கிய அதே பாதையில் நாமும் போய்க்கொண்டிருக்கிறோம்.

பாரதி நகர்க்காரர்களின் வேலையைப் போன்ற வேலைகள் இந்தக் கால் நூற்றாண்டில் எப்படி மாறின என்று பார்த்தால் பாதி புரிந்துவிடும். மண்வெட்டி இருந்த இடத்தில் ஜேசிபி வந்தது. மில்லில் நடந்தவர் அடுக்குமாடி வாசலில் பன்னிரண்டு மணி நேரக் காவலாளி ஆனார். பார்சல் கொண்டுவரும் இளைஞர் மாரிஸின் ஓட்டுநரும் நடத்துநரும் சேர்ந்த உரு: நாள் முழுக்க வண்டிச் சீட்டில் உட்காருகிறார், இடையிடையே, லிஃப்டில் ஏறக் கூடாது என்று எழுதிவைத்திருக்கும் குடியிருப்புகளில் நான்காம் மாடிக்கு ஓடுகிறார். நேரம் செயலியின் கையில். உழைப்பின் அசைவு குறைந்தது, உழைப்பின் நெருக்கடி குறையவில்லை.

இந்தியர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள், பெண்களில் 57 விழுக்காடு, ஆண்களில் 42 என்று 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். செய்தித்தாள்கள் ‘சோம்பேறி இந்தியர்கள்’ என்ற தொனியில் தலைப்புப் போட்டன. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் அந்தத் தொனி வந்திருக்காது. வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் கூலியில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இந்த உரையாடல் அன்றாடம் நடக்கிறது:

“தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போகணும்மா.”

“விடியக்காலம் எந்திரிச்சதுலேர்ந்து நிக்காமத்தான் டாக்டர் ஓடிக்கிட்டிருக்கேன்.”

இருவர் சொல்வதும் உண்மை. மருத்துவரிடம் அந்தம்மாவுக்கு எழுதிக்கொடுக்க வேறு சீட்டு இல்லை.

வெயிலும் நாற்காலியும்

உழைப்பை நோயாக மாற்றும் காரணங்களில் நம் நாட்டில் கூடுதலாகச் சேர்வது வெயில். டென்மார்க் ஆய்வுகளில் இது வராது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவும் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 350க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை பார்த்தார்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தவர்கள் 7 விழுக்காடு. திறந்தவெளியில் வேலை பார்க்கும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பதும் இந்தக் குழுவின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. காரணம், ஒதுங்கக் கழிப்பறை இல்லை. இதே குழு 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தபோது, கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. உப்பளத்தில் வரப்பு மிதிப்பதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதினால் உலக சுகாதார நிறுவனம் கேட்கும் வாரம் 150 நிமிடத்தை அந்தப் பெண் திங்கட்கிழமை நண்பகலுக்குள் முடித்துவிடுவார்.

ஜவுளிக்கடையில் வெயில் இல்லை. அங்கே நோய் நிற்பதிலிருந்து வருகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 7,300 தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வு, பெரும்பாலும் நின்றே பார்க்கும் வேலைகளில் இருப்பவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, உட்கார்ந்து பார்க்கும் வேலைக்காரர்களைவிட இருமடங்கு என்று சொன்னது. மணிக்கணக்கில் நிற்கும்போது ரத்தம் காலில் தேங்குகிறது. அதை மேலே ஏற்ற இதயம் கூடுதலாகப் பாடுபடுகிறது. நரம்பு சுருட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரிகிற பாதி மட்டுமே.

தொழிற்சாலையில் நின்று வேலை பார்ப்பவருக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆம் பிரிவு சொன்னது. பிரிட்டன் இன்னும் முந்தி, 1899இலேயே கடைப் பெண்களுக்கு இருக்கை கொடுக்கச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டுக் கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை எழுத்தில் வர 2021 ஆனது. கேரளத்தில் கோழிக்கோட்டு ‘பெண்கூட்டு’ அமைப்பின் விஜியும் தோழிகளும் பல ஆண்டுகள் போராடி 2018இல் பெற்றதைப் பார்த்து, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு நாற்காலியைப் பொது சுகாதார நடவடிக்கை என்று எந்த மருத்துவக் கல்லூரியும் பாடம் நடத்துவதில்லை. நடத்த வேண்டும்.

2023ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்க்கலாம். ஏப்ரலில் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கி 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகள் அமைந்தன. நலவாழ்வுக்கு அந்த ஆண்டு அரசு செய்தது என்ன என்று கேட்டால் எல்லோரும் நவம்பரைச் சொல்வார்கள். எனக்கு மே தினம்தான் பெரிதாகப் படுகிறது. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துப் பேருந்தில் வீடு திரும்புகிறவருக்கு 8 கிலோமீட்டர் பாதை எந்த மாவட்டத்தில் இருந்தால் என்ன?

நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாத்திரைக்கு மேல் பலன் தரும் சில காரியங்களில் நடை ஒன்று; வசதி இல்லாதவருக்கு அது கூடுதலாகவே தேவை. பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் மர நிழலோடு, இரவில் விளக்கோடு, பெண்கள் அச்சமின்றிப் போகும்படி பாதை இருந்தால் மக்கள் நடப்பார்கள். ஏஷியாட் காலனி அதைக் காட்டிவிட்டது. ஆனால் நடைக்கு முன்னால் ஓய்வு வர வேண்டும், ஓய்வுக்கு முன்னால் கூலி வர வேண்டும். ஹோல்டர்மன் குழுவினரே இப்போது உடற்பயிற்சி வகுப்பைவிட வேலையை மாற்றியமைப்பதில்தான் கவனம் செலுத்துகிறார்கள். ஒரே ஆள் நாள் முழுக்க நிற்காமலும், நாள் முழுக்க உட்காராமலும், தூக்குவதும் நடப்பதும் அமர்வதும் மாறி மாறி வரும்படி வேலையைப் பங்கிடுவது அவர்கள் வழி. இதற்குப் பெரிய செலவில்லை. முதலாளிக்கு மனம் வேண்டும். இல்லாவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அதிகாரம் வேண்டும்.

சிறிய தொடக்கங்கள் இருக்கின்றன. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் பார்சல் ஊழியர்களுக்குக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. 2024 முதல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ ஆலைகளுக்கே போய் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கிறது. அந்தச் செவிலியர் கையில் இன்னொரு படிவத்தைக் கொடுக்கலாம். வேலை எத்தனை மணி நேரம், உட்கார இடம் உண்டா, குடிநீர் எவ்வளவு தூரத்தில், கழிப்பறை உண்டா, உச்சிவெயிலில் இடைவேளை உண்டா. ரத்த அழுத்தம் 160 என்று குறிக்கும் அதே தாளில் இவையும் இருந்தால், சிகிச்சை யாருக்குத் தேவை என்று சுகாதாரத் துறைக்குப் புரியும். தொழிலாளர் துறைக்கும் புரியும்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, புடவையை விரித்துக் காட்டுகிற பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். 22-அ பிரிவைச் சொல்லித் தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தப் பெண் எழுதினால் வேலை போகும். நீங்கள் எழுதினால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது.